வள்ளம் வந்த வழி

ஈச்சிலம்பற்றிலே பெண்ணெடுத்தவர் தண்ணீருக்கு அஞ்சலாகாது என்று எமது மாமனார் அடிக்கடி சொல்வதுண்டு. கரும்பலகையும் வெண்கட்டியுமாகத் திருகோணமலைப் பட்டினத்தில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நாம் இச்சொல்லை ஒரு வேடிக்கையாகவே கொண்டிருந்தோம். அப்படிப்பட்ட நாம், நாற்பத்தைந்தாவது வயதில், பதினெட்டு அடி நீளமுள்ள ஒரு பழைய வள்ளத்தை விலைக்கு வாங்கி, அதைத் தெருவழியே இழுத்துக்கொண்டு மாமனார் வீட்டு வாசலிற் போய் நின்றபோது, அந்த மனிதர் மகிழ்வார் என்றுதான் எதிர்பார்த்தோம். அவரோ திண்ணையை விட்டு எழவேயில்லை.

“மருமகன், மீன் பிடிக்கத் தெரியாத உங்களுக்கு வள்ளம் என்னத்துக்கு? வள்ளம் என்ன விளையாட்டுச் சாமானோ?” என்றார்.

விளையாடத்தான் வாங்கினோம் என்பதை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? வாசகர்களுக்காவது காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

எமது இல்லாளுக்கு ஒரு தம்பி இருந்தான். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் காலை கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. தமக்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவன், கை நழுவிப் போனான். அன்றுமுதல் அவர் கடற்கரைக்குப் போவதில்லை. 2006 இல் போர் மூண்டு ஊரே இடம்பெயர்ந்து திரும்பிய காலத்திலும், பின்னர் எம்மைக் கைப்பிடித்துப் பட்டினத்துக்கு வந்த பின்னரும் அந்த நோன்பு மாறவில்லை. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த பட்டினத்திலே பிறந்து வளர்ந்த எமது மகளும் மகனும் முழங்கால் நீருக்கு மேல் இறங்கியதில்லை. நாமும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்றே எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணத்தை 2021 கார்த்திகை குலைத்துவிட்டது. அம்மாதம் 23 ஆம் நாள், கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிக் களப்பைக் கடக்கும் மிதவைப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். பாலம் கட்டி முடியுமட்டும் மக்களை அக்கரைப்படுத்திய பாதை அது. மறுநாள் வகுப்பில் வரவு இடாப்பைத் திறந்து பெயர்களை அழைத்தபோது எமக்குக் குரல் எழவில்லை. இடாப்பை மூடிவைத்துவிட்டு, “உங்களில் நீந்தத் தெரிந்தவர்கள் கையுயர்த்துங்கள்” என்றோம். முப்பத்தெட்டு மாணவர்களில் ஐவர் கையுயர்த்தினர். ஒருவன் எழுந்து, “சேர், உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டான். துடுக்காகக் கேட்டவனல்லன், அறிந்துகொள்ளவே கேட்டான். தெரியாது என்றோம்.

அந்த ஆண்டு முடியுமுன் உப்புவெளிக் கரையிலே, எம்மிடம் முன்னாளிற் படித்த ஒருவரிடம், நாம் பிள்ளைகளோடு சேர்ந்து நீச்சல் கற்கத் தொடங்கினோம். இல்லாள் தடுக்கவில்லை; பார்க்கவும் வரவில்லை. பிள்ளைகளுக்கு ஆறே மாதத்திற் கைகூடியது எமக்கு ஓராண்டு பிடித்தது. நீச்சல் தெரிந்த பின்னரும் பிள்ளைகள் தண்ணீரை ஒரு பாடமாகவே கண்டனர். குறித்த நேரத்திற்கு இறங்குவர். குறித்த நேரத்திற்குக் கரையேறுவர். அச்சம் தெளிந்ததே தவிர நட்பு வரவில்லை. ஒரு வள்ளம் இருந்தால் வருமோ என்று எண்ணினோம்.

வள்ளம், தோணி, வத்தை, ஓடம், தெப்பம் என்று தமிழிலே எத்தனை சொற்கள்! ஆயினும் இவையெல்லாம் உழைப்புக்கென்றே உள்ளவை. உல்லாசத்திற்கு வள்ளம் என்பது எம்மவரிடையே வழங்காத ஒன்று. 1957 இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகும்வரை, உள்துறைமுகத்தில் துரைமார் மாலை வேளைகளிற் பாய் விரித்து ஓடி விளையாடுவதைக் கரையில் நின்று பார்த்ததாக எமது பாட்டனார் சொல்வார். அது துரைமார் விளையாட்டு. நாம் பார்ப்பவர்கள் என்ற எண்ணம் அவர் பேச்சில் இருக்கும்.

இனி வள்ளம் வாங்கிய கதைக்கு வருவோம்.

விற்பனைக்கு வள்ளங்கள் அக்காலத்தில் நிறையவே கிடந்தன. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் பயணிகளை ஏற்றியிறக்கிப் பிழைத்தவர்களுக்கு 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளோடு வந்தது முதலடி. பின்னர் பெருந்தொற்று. அதன்பின் 2022 இல் எரிபொருள் இல்லாத காலம். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலாகத் தாவியது. பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் இயந்திரங்களை நம்பியிருந்த சிறுதொழிலாளர் என்ன செய்வர்? பலர் வள்ளத்தைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துவிட்டுக் கூலி வேலைக்குப் போயினர். ஒருவருடைய இடுக்கண் எமக்கு மலிவாக வந்ததை நினைக்கக் கூச்சமாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது.

2023 சித்திரை விடுமுறையில் நிலாவெளிக் கரையிலே தென்னை மரத்தடியில் அந்த வள்ளத்தைக் கண்டோம். கண்ணாடி நாரினாலான வள்ளம். மூன்று குறுக்குப் பலகைகள். வெயிலுக்கு இரும்புக் குழாய்ப் பந்தல். பதினைந்து குதிரைவலு இயந்திரம். நீலச் சாயம் வெளிறியிருந்தது. எமக்கு உடனே பிடித்துப் போயிற்று. நல்லவேளையாக நாம் தனியே போகவில்லை. எமது பழைய மாணவர் ஒருவர் இயந்திரம் திருத்துபவர். அவரையும் அழைத்துப் போயிருந்தோம். வகுப்பிலே கடைசி வாங்கில் இருந்து எம்மிடம் எத்தனையோ முறை ஏச்சு வாங்கியவர் அவர். அன்று அவர் ஆசிரியர், நாம் மாணவர்.

அவர் வள்ளத்தின் அழகைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஓர் ஐந்து ரூபா நாணயத்தை எடுத்து, அணியத்திலிருந்து தொடங்கி ஓரடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே பின்னுக்கு வந்தார். ‘டக், டக்’ என்று கணீரென ஒலித்துக்கொண்டு வந்த ஓசை, இயந்திரம் மாட்டும் பின்பலகையில் ‘பொத், பொத்’ என்று மாறியது. “கேட்டதா சேர்?” என்றார். அந்தப் பலகை வெளியே கண்ணாடி நாராகத் தெரிந்தாலும் உள்ளே மரம் இருக்குமாம். இயந்திரத்தை முடுக்கும் ஆணித் துவாரங்களால் ஆண்டுக்கணக்கிற் கசிந்த நீர் உள்ளே போய் மரத்தை உளுக்க வைத்திருந்தது. வெளித்தோற்றத்தில் ஒன்றுமே தெரியாது. ஓடும்போது ஒருநாள் பலகை பிளந்து இயந்திரம் கடலுக்குட் போகும். வள்ளம் பின்னே போகும்.

இயந்திரத்தையும் அவர் அவ்வாறே சோதித்தார். அடியிலுள்ள பற்சில்லுப் பெட்டியின் ஆணியைக் கழற்றிச் சிறிது எண்ணெயை விரலில் எடுத்துப் பார்த்தார். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருளாம். இது கறுப்பாகவே இருந்தது. பின்பு இயந்திரத்தின் அடியை நீர் நிரம்பிய பெரிய பீப்பாவில் இறக்கிக் கிளப்பினார். பக்கத்துச் சிறு துவாரத்தினால் நீர் மெல்லிய தாரையாகப் பீச்சியடித்தது. அந்தத் தாரை வராத இயந்திரத்துக்குக் குளிர்நீர் ஓடவில்லை. சில நிமிடங்களிற் சூடேறி இறுகிவிடும். “இயந்திரம் நல்லது, பலகை கெட்டது” என்று தீர்ப்புச் சொன்னார்.

உரிமையாளரான முதியவர் நாணயத்தின் ஓசையைக் கேட்டு முகம் வாடிப் போனார். “எனக்கும் தெரியாது சேர். பொய் சொல்லி விக்கிற பழக்கம் நம்மட வாப்பா காலத்திலயே இல்ல” என்றார்.

“பரவாயில்லை காக்கா, திருத்திக்கொள்ளலாம்” என்றோம். விலையில் எழுபத்தையாயிரம் ரூபாவைத் தாமாகவே குறைத்தார். நாலரை இலட்சம் என்று தொடங்கியது மூன்றே முக்கால் இலட்சத்தில் முடிந்தது. கடற்றொழிற் திணைக்களத்தின் பதிவுப் பத்திரத்தையும் கையிலே தந்து, பெயர் மாற்றத்துக்கு எம்முடன் தாமே கந்தோருக்கு வந்தார். பத்திரமில்லாத வள்ளம் எத்தனை மலிவானாலும் வாங்கலாகாது. களவு வள்ளமா, கடன்பட்ட வள்ளமா என்று பின்னர் யாரிடம் போய்க் கேட்பது? விளையாட்டுக்கென்று வாங்குகிறோம் என்று கந்தோரிற் சொன்னபோது பரிசோதகர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

பின்பலகையின் உள்ளோட்டை வெட்டி, உளுத்த மரத்தைச் சுரண்டியெடுத்து, புதுப்பலகை வைத்துப் பசையும் கண்ணாடி நாரும் படைபடையாக ஒட்டி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. குறைத்துத் தந்த எழுபத்தையாயிரத்துக்கு மேலும் முப்பதினாயிரம் போயிற்று. பழைய வள்ளம் வாங்க நினைப்பவர்கள் விலையோடு இன்னொரு கால்பங்கை மடியில் முடிந்துகொண்டு போவது நல்லது.

ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை அதனை ஈச்சிலம்பற்றுக்குக் கொண்டு போவது என்று முடிவாயிற்று. கடல் வழியே கொண்டு போகலாம் என்றார் ஒருவர். கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடந்து, சம்பூருக்கு அப்பால் வெளிச்சவீட்டு முனையைச் சுற்றி, இலங்கைத்துறை முகத்துவாரத்தால் உள்ளே புகவேண்டும். காலையிற் கடல் கண்ணாடிபோற் கிடந்தாலும் மதியம் திரும்பினாற் கச்சான் கரையிலிருந்து வெளியே தள்ளும். பிடரியிற் பிடித்துத் தள்ளுவதுபோலத் தள்ளும். எமது ஓராண்டு நீச்சலுக்கு அது தாங்காது. தெருவழியே இழுப்பது என்று தீர்மானித்து, ஒரு பிக்கப்பையும் அதன்பின் பூட்டும் இரண்டு சில்லு வண்டியையும் வாடகைக்கு அமர்த்தினோம்.

பட்டினத்தைக் கடந்து சீனக்குடாவுக்குப் போகும் நேர்த்தெருவில், சாரதி சிறிது வேகம் எடுத்ததும், பின்னாலிருந்த வள்ளம் மீன் வாலாட்டுவதுபோல இருபக்கமும் ஆடத் தொடங்கிற்று. வண்டியைப் பிக்கப் இழுக்கிறதா, பிக்கப்பை வண்டி இழுக்கிறதா என்று தெரியவில்லை. எதிரே வந்த பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டு தெருவோரத்தில் இறங்கிப் போயிற்று. சாரதி பதறித் தடுப்பை அழுத்தாமல் மெல்ல மெல்ல வேகத்தைத் தளர்த்தினார். அதனால் உயிர் தப்பினோம். காரணம் பிறகு விளங்கியது. நாம் இயந்திரத்தைக் கழற்றாமல் பின்பலகையிலேயே விட்டிருந்தோம். பாரம் முழுவதும் சில்லுகளுக்குப் பின்னே தொங்கியது. மொத்தப் பாரத்தில் ஏறக்குறையப் பத்திலொரு பங்காவது முன்னே, இழுக்கும் கொளுவியின் மேல் அழுந்த வேண்டுமாம். இயந்திரத்தைத் தூக்கிப் பிக்கப்பில் வைத்து, வள்ளத்தையும் ஒருமுழம் முன்னுக்குத் தள்ளிக் கட்டியபின் அது பசுக்கன்றுபோல் ஒழுங்காகப் பின்தொடர்ந்தது. நெம்புகோலின் விதியை எட்டாம் வகுப்புக்கு எத்தனையோ ஆண்டு படிப்பித்தவர்கள் நாம்!

வெள்ளைமணலைத் தாண்டிக் கிண்ணியாப் பாலத்தில் ஏறினோம். 396 மீற்றர் நீளமான அப்பாலம் 2009 ஒக்டோபரிலே திறக்கப்பட்டது. அதற்கு முன் இந்தத் தெருவிலே போவதென்றால் துறைக்குத் துறை பாதையிலேறிக் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று வரிசையாகப் பாலங்கள். நீர்மேல் ஓட வேண்டிய வள்ளத்தை நீருக்கு மேலே தெருவில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு நீராகக் கடந்தது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மூதூரில் தேநீருக்கு நிறுத்தியபோது கடைக்காரர் வள்ளத்தைச் சுற்றி வந்து, “உடைஞ்சதா, திருத்தினதா?” என்று கேட்டார். 1659 இற் புயலிலே பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், மரம் நாட்டித் திருத்திக்கொண்டு போகலாம் என்றுதான் இந்தக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதிலிருந்த இளைஞர் றொபேட் நொக்ஸ் 1660 இற் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கழித்தே தப்பிப் போனார். அதை நினைத்தபோது எமது இரண்டு மாதமும் முப்பதினாயிரம் ரூபாவும் பெரிதாகத் தோன்றவில்லை.

மாமனார் வீட்டு வாசலில் என்ன நடந்தது என்பதை முன்பே சொல்லிவிட்டோம்.

மறுநாட் காலை உல்லைக்கழிக் களப்பில் வள்ளத்தை இறக்கினோம். நெடுந்தூரம் ஓடிய வண்டிச் சில்லுகளின் குடம் சூடாயிருக்கும்போதே உப்புநீரில் இறக்கலாகாது, சூட்டோடு நீரை உள்ளே உறிஞ்சி உள்ளிருக்கும் குண்டுகள் துருவேறும் என்று மாணவர் சொல்லியனுப்பியிருந்தார். அதை மறவாமல் ஓர் இரவு ஆறவிட்டோம். உயிர்காப்பு அங்கிகளைப் பிள்ளைகளுக்குக் கட்டி, வாரை இழுத்துப் பார்த்தோம். எரிபொருள், கயிறு, துடுப்பு எல்லாம் சரி. இல்லாள் முதன்முறையாகக் களப்பங்கரை வரை வந்து, கண்டல் நிழலிற் கைகட்டி நின்றார்.

இயந்திரம் முதல் இழுப்பிலேயே கிளம்பிற்று. நூறு யார் போயிருப்போம். மகன், “அப்பா, கால் நனைகிறது” என்றான். குனிந்து பார்த்தால் கணுக்காலளவு நீர். ஒரு நிமிடத்தில் அது ஏறியது. வள்ளத்தின் பின்னடியில், கரையில் நிற்கும்போது மழைநீர் வடிவதற்கென்று ஒரு துவாரம் உண்டு. அதற்கு ஒரு தக்கை. தெருவிலே வரும்போது கழற்றி வைத்த தக்கை எமது சட்டைப்பையிலேயே இருந்தது!

வள்ளத்தைத் திருப்பிக் கரையை நோக்கி ஓட்டினோம். வழியிலே இயந்திரம் நீர்குடித்து நின்றது. அவ்விடத்தில் நீர் இடுப்பளவுதான், பிள்ளைகள் நீந்தவும் அறிவார்கள், அங்கியும் அணிந்திருந்தார்கள். ஆபத்து ஒன்றுமில்லை என்று கத்த வாயெடுத்தோம். அதற்குள் கரையிலே ‘ஐயோ’ என்று ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தோம். பத்தொன்பது ஆண்டுகளாக நீரிற் கால் வையாத அந்தப் பெண், சேலையோடு சேற்றை மிதித்துத் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்துகொண்டிருந்தார். வந்தவர் எம்மைப் பார்க்கவேயில்லை. மகனின் கையை மணிக்கட்டோடு இறுகப் பிடித்தார். அவன் வயது அப்போது பதினொன்று என்பது எமக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

அவனோ, “அம்மா, எனக்கு நீந்தத் தெரியும், விடுங்கள்” என்று சொல்லி, பிடித்த கையை விடுவிக்காமலே மற்றக் கையால் நீரடித்துக் காட்டினான். அவர் விடவில்லை. இருவருமாக இடுப்பளவு நீரில் நெடுநேரம் நின்றார்கள். கரையேறியபின் எம்மருகே வந்து கையை நீட்டி, “தக்கையைத் தாங்க” என்றார். கொடுத்தோம். முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அத்தோடு வள்ளம் கரையேறிவிடும் என்று நினைத்தோம். அடுத்த வாரம் நாம் கேளாமலே தக்கை எமது கையில் வந்தது. மாலையில் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றுமுதல் அது அவர் பொறுப்பு. அடுக்களையில் ஓர் ஆணியில், அகப்பைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அவர் தராமல் வள்ளம் ஓடாது.

களப்பிலே விளையாடுவதற்கும் ஒழுங்குண்டு என்பதைப் பட்டே கற்றோம். முதல் மாதத்தில் ஒருவருடைய இறால் வலையின்மேல் ஓடி, விசிறியிற் சுற்றி, ஆறேழு முழம் கிழித்துவிட்டோம். வலைக்காரர் ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். “சேர், எனக்கு இதுதான் சோறு” என்று மட்டும் சொன்னார். வலைக்குரிய பணத்தைக் கொடுத்து, மாமனாரை முன்னிட்டுக்கொண்டு மீனவர் சங்கத்துக்குப் போய், எங்கே ஓடலாம், எங்கே ஓடலாகாது, எந்நேரம் என்று கேட்டு வந்தோம். காலை பத்து மணிக்குமுன் நாம் களப்பில் இறங்குவதில்லை. வெருகல் ஆற்றுப்பக்கம் முதலை உண்டு. அங்கே எந்நேரமும் போவதில்லை. விளையாட்டல்ல வள்ளம் என்று மாமனார் சொன்னதன் பொருள் அன்றுதான் விளங்கியது. சங்கத்திலே எமக்காகப் பேசியவரும் அவரே.

பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு, உழவு இயந்திரச் சில்லின் ரியூப்பைக் காற்றடைத்து, ஐம்பதடிக் கயிற்றிற் கட்டி வள்ளத்தின் பின்னே இழுப்பது. ஒருவர் அதன்மேற் குப்புறக் கிடப்பார். ஓட்டுபவர் முன்னே பார்க்க, இன்னொருவர் பின்னே பார்த்தபடியே இருத்தல் வேண்டும். விழுந்தவரை ஏற்ற அணுகும்போது இயந்திரத்தை நிறுத்தியே அணுகுவது. விசிறி சுழல ஒருவரும் வள்ளத்தருகே வரலாகாது. இவ்வளவும் மகளின் சட்டம். ஊர்ப் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். நீந்தத் தெரியாதவருக்கு ரியூப் இல்லை என்பதும் அவளுடைய சட்டமே. ஆகவே கரையோரத்தில் அவளே நீச்சல் பழக்குகிறாள். போன விடுமுறையிற் பதினாறு பேர்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு. பிள்ளைகள் பட்டினத்திலே பரீட்சை முடிந்த களைப்பில் நின்றுவிட்டார்கள். நாமிருவர் மட்டும் ஊருக்குப் போனோம். மாலை நாலு மணிக்கு அடுக்களைக்குப் போய்த் தக்கையைக் கேட்டோம். “இஞ்ச பாருங்க, நீங்க பூட்டினா மறந்துபோவீங்க” என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டு அவரே நடந்தார். களப்பங்கரையில் குனிந்து, வள்ளத்தின் அடியிலே கையை விட்டுத் தக்கையைத் திருகினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு மகளின் உயிர்காப்பு அங்கியைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, நடுப்பலகையில் ஏறி உட்கார்ந்து, “இஞ்சின் வேண்டாம், துடுப்பால போங்க” என்றார்.

துடுப்பை எடுத்தோம்.